பேரனின் டாங்கியும் பாஞ்சாலங்குறிச்சி மண்சுவரும்

போன கோடை விடுமுறைக்குப் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். பாளையங்கோட்டை வெயிலில் வெளியே விட முடியாது. அவனுக்கும் வெளியே போகிற எண்ணம் இல்லை. அவன் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் நாள் முழுக்க ஒரே சண்டை. டாங்கி, ஹெலிகாப்டர், தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணை. நான் பக்கத்து ஈசிசேரில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் திடீரென்று, "சே, பேலன்ஸே இல்ல தாத்தா இந்த கேம்ல" என்று மவுஸை மேஜையில் தட்டினான்.

என்னடா பேலன்ஸ் என்று கேட்டேன். பொறுமையாகத்தான் விளக்கினான். டாங்கிக்கு இரும்புக் கவசம் உண்டு. அதை உடைக்க ஏவுகணை உண்டு. ஏவுகணையை ஏமாற்ற டாங்கி புகை விடலாம், ஹெலிகாப்டர் தீப்பொறி விடலாம். தீப்பொறியின் சூட்டைப் பார்த்து ஏவுகணை அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆனால் ஒருமுறை விட்டால் மறுபடி விடுவதற்குச் சில விநாடி காத்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிதான் எதிரிக்கு வாய்ப்பு. அந்த நேரம் கூடினால் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் அழுவான், குறைந்தால் தரையில் நிற்கிறவன் அழுவான். விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரர்கள் யார் எத்தனை முறை ஜெயிக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து, அப்டேட் விட்டு, அந்த எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார்களாம்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஏலே, இதெல்லாம் இங்கிருந்து முப்பது மைல்ல நடந்திருக்கு, தெரியுமா?" என்றேன். அவன் நம்பவில்லை. அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கட்டபொம்மன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். 1959ல் சிவாஜி படம் வந்த பிறகு தெரியாதவர்களே கிடையாது. அந்தப் படம் நமக்கு நிறையக் கொடுத்தது. ஒரு விஷயத்தில் மட்டும் நம்மைத் தவறான பக்கம் அனுப்பிவிட்டது. போர்க் காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள். அதனால் பாஞ்சாலங்குறிச்சி என்றால் நம் மனதில் உயர்ந்த கல்கோட்டை நிற்கிறது. 1974ல் அரசாங்கம் அங்கே கட்டிய நினைவுக் கோட்டையும் அதே தோரணையில்தான் இருக்கிறது. உண்மையில் அது மண்கோட்டை. கிட்டத்தட்ட ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம், பன்னிரண்டு அடி உயர மண்சுவர், சிறு சிறு கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் சுருங்குகிறது, கட்டபொம்மனைக் குறைத்துச் சொல்லிவிட்டதுபோல. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்தக் கோட்டையின் பலமே அது மண்ணாக இருந்ததுதான்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குளத்துக்கரை, வாய்க்கால்கரை, மதகு என்று அலைந்தவன். மண்ணோடு பழகியவனுக்கு அதன் குணம் தெரியும். கல்சுவரில் பீரங்கிக் குண்டு விழுந்தால் கல் வெடிக்கும், சில்லு தெறிக்கும், ஒரு கல் போனால் மேலே உள்ளது சரியும். மிதித்துக் கட்டிய மண்ணில் குண்டு விழுந்தால் 'தொப்'பென்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துளைதான் விழும், சுவர் நிற்கும். இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. பீரங்கி வந்த பிறகு ஐரோப்பாவிலும் கோட்டைக்காரர்கள் உயர்ந்த கல்மதிலை விட்டுத் தாழ்ந்த மண்மேட்டுக்குத்தான் வந்தார்கள். வடக்கே பரத்பூரில் மண்மதிலை 1805ல் லேக் பிரபு நான்கு முறை தாக்கி நான்கு முறையும் தோற்றார். கடைசியில் 1826ல் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத்தான் உடைக்க முடிந்தது.

நம் பாளையக்காரர்களும் இதை அனுபவத்தில் கற்றவர்கள். 1755லேயே கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து பூலித்தேவரிடம் பணம் கேட்டார். பெரிய பீரங்கி கையில் இல்லாததால் வந்த வழியே திரும்பினார். அந்தப் பாடம் நாற்பத்தைந்து வருஷம் இந்தச் சீமையில் ஊறியிருந்தது.

1799 செப்டம்பர் 5ந் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது அவரிடமும் சின்னப் பீரங்கிகள்தான் இருந்தன. கோட்டைவாசலை உடைத்து நுழையப் பார்த்தார், முடியவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் வாசலிலேயே செத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கிக்குச் சொல்லியனுப்பினார். அவை வந்தால் நிலைமை வேறு என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். வருமுன்னே இரவோடு இரவாகக் கோட்டையைக் காலி செய்துவிட்டார்கள். பிறகு நடந்தது தெரிந்ததே. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். மற்ற பாளையக்காரர்களும் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

படம் இங்கே முடிந்துவிடுகிறது. நம்மில் பலருக்குச் சரித்திரமும் இங்கேயே முடிந்துவிடுகிறது. நான் பேரனுக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையையும் மற்றவர்களையும் பாளையங்கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். மேடை போலீஸ் ஸ்டேஷனும் மேலவாசலும் அந்தக் கோட்டையின் மிச்சங்கள்தான், நாம் தினமும் அதைச் சுற்றித்தான் காய்கறி வாங்கப் போகிறோம். 1801 பிப்ரவரி 2ந் தேதி இரவு வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேஜர் மெக்காலேயின் தோட்டவீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சிறையை உடைத்து இவர்கள் தப்பினார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி சுமார் முப்பது மைல். இடையில் தாமிரபரணியை வேறு தாண்ட வேண்டும். சுலோசன முதலியார் பாலம் வர இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது.

அந்த விருந்தில் இருந்தவர்களில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியும் ஒருவர். பின்னாளில், 1830ல், தன் ராணுவ நினைவுகளை லண்டனில் புத்தகமாகப் போட்டார். கால்டுவெல் ஐயரும் தன் திருநெல்வேலி சரித்திரத்தில் அதைத்தான் பெரிதும் எடுத்துக்கொண்டார். இந்தப் போரை நாம் இவ்வளவு விவரமாக அறிவது எதிரி எழுதி வைத்ததால்தான் என்பதை மறக்கக் கூடாது.

பிப்ரவரி 9ந் தேதி கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெல்ஷ் கண்ணை நம்பவில்லை. இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை முழுதாக எழுந்து நிற்கிறது. சுவர்மேல் சுமார் ஆயிரத்தைந்நூறு பேர். ஆறே நாளில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த ஆறு நாள் கணக்கு எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. மிகைப்படுத்திச் சொல்கிறாரோ என்று. ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாலு பக்கச் சுற்றளவு 1,600 அடி. உயரம் 12. சராசரி கனம் 5 அடி என்று வைத்துக்கொண்டால் 96,000 கன அடி மண். எங்கள் காலத்தில் மண்வெட்டியும் கூடையுமாகக் கரை கட்டும்போது ஒரு ஆளுக்கு நாளைக்கு 50 கன அடி என்று தாராளமாகக் கணக்கு வைக்கலாம். அப்படியானால் 1,920 ஆள்நாள். ஆறால் வகுத்தால் 320 பேர். அங்கே இருந்ததோ ஆயிரத்துக்கும் மேல். பெண்களும் பிள்ளைகளும் மண் சுமந்திருந்தால் இன்னும் சுலபம். வெல்ஷ் சொன்னது சரிதான். இடிந்த சுவரின் மண்ணும் அங்கேயேதான் கிடந்தது, தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய வேலை இல்லை. கல்கோட்டையாக இருந்தால் ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

இதைச் சொன்னதும் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது ரீஸ்பான் தாத்தா" என்றான். செத்த டாங்கி மறுபடி முளைத்து வருவதற்கு அவர்கள் விளையாட்டில் அதுதான் பெயராம்.

அன்று மெக்காலேயிடம் பெரிய பீரங்கி இல்லை. பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. படையும் பீரங்கியும் சேர்த்துக்கொண்டு மார்ச் கடைசியில் மறுபடி வந்தார். மார்ச் 31. காலையிலிருந்து சுட்டுச் சுட்டுப் பிற்பகலில் ஒரு கொத்தளத்தில் உடைப்பு விழுந்தது. எங்கள் துறையில் கரை உடைப்பு என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். முற்றுகை போடுகிறவனுக்கு அது வாசல் திறந்த மாதிரி. ஏறிப் போக வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தார்கள்.

முதலில் முள்வேலி. நம் பக்கம் உடைமுள்ளுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. (இன்று எங்கு பார்த்தாலும் நிற்கிற சீமைக் கருவேலம் அப்போது கிடையாது, அது பின்னால் வந்தது.) முள்வேலி யாரையும் கொல்லாது. ஓடி வருகிறவனை நிறுத்தும். நின்றவனைச் சுவரிலிருந்து சுடலாம். அதைத் தாண்டி உடைப்பில் ஏறினால் மேலே கால் வைக்க இடமில்லை. கொத்தளத்தின் உள்பக்கம் குடைவாக இருந்தது. உள்ளே கீழே நின்றவர்கள் கையில் பதினெட்டு, இருபது அடி நீள ஈட்டி, நம் பக்கம் வல்லயம் என்பார்கள். மேலே தலை தெரிந்தவன் எல்லாம் கீழிருந்து குத்துப்பட்டு விழுந்தான்.

கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியை ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டித்துக் குண்டு போட்டுச் சுட இருபது விநாடியாவது ஆகும். பேரன் சொன்ன காத்திருக்கும் நேரம் இதுதான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் துப்பாக்கி முனையில் கத்தி செருகியிருப்பார்கள். கத்தியோடு சேர்த்து நீளம் ஆறடிக்குச் சற்று மேல். எதிரே இருபதடி ஈட்டி. சமவெளியில் இந்த ஈட்டி உதவாது, தூரத்திலிருந்தே சுட்டுத் தள்ளிவிடுவான். உடைப்பு வழியாக ஒரே நேரத்தில் சில பேர்தான் ஏற முடியும். ஏறுகிறவனுக்குக் கீழே நிற்கிறவன் தெரியவும் மாட்டான். ஆயிரம் துப்பாக்கி வெளியே நின்றும் பிரயோஜனமில்லை. பீரங்கிக்கு மண், ஓட்டத்துக்கு முள், துப்பாக்கிக் கத்திக்கு நீள ஈட்டி, ஆள்பலத்துக்குக் குறுகிய வாய். கம்பெனியின் ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு மாற்று. இத்தனையும் நம் கரிசல்காட்டில் கிடைப்பதை வைத்து, ஊர்க் கொல்லன் அடித்துக் கொடுப்பதை வைத்து.

அன்று கம்பெனிப் படைக்குப் பெருஞ்சேதம். இறந்தவர்களை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். அந்தத் தற்காப்பு முறை எந்தப் படிப்பாளி இஞ்சினியருக்கும் பெருமை தரக்கூடியது என்று வெல்ஷ் ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில் காட்டுமிராண்டிகள் என்ற பொருளில் ஒரு வார்த்தையும் போடுகிறார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்குத்தான் முடியும்.

பிறகு கம்பெனி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அளவைக் கூட்டியது. கர்னல் அக்னியூ தலைமையில் இன்னும் படை, இன்னும் பெரிய பீரங்கிகள், மலபாரிலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளம். ஏறத்தாழ எட்டு வாரம் காத்திருந்து சேர்த்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கூட்டுவதற்கு இன்னொரு அளவு இல்லை. மே 23ல் சுடத் தொடங்கி 24ந் தேதி உடைப்பை அகலப்படுத்தினார்கள். அப்போதும் ஏற முடியவில்லை. கடைசியில் ஈட்டிக்காரர்கள் நின்ற குழிக்குள் கையெறி குண்டுகளைப் போட்டு, உடைப்பைக் காத்தவர்கள் விழுந்த பிறகுதான் உள்ளே போனார்கள். மற்றவர்கள் சிதறி ஓடவில்லை. மறுபக்கமாகத் திரளாக அணிவகுத்து வெளியேறினார்கள். வெட்டவெளிக்கு வந்ததும் குதிரைப்படை அவர்கள்மேல் பாய்ந்தது. சுவருக்கு உள்ளே இருந்தவரை செல்லுபடியான வல்லயம் அங்கே செல்லவில்லை.

அன்று ராத்திரி நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இதுவும் வெல்ஷ் எழுதியதுதான். ஊமைத்துரை பலத்த காயத்தோடு களத்தில் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவரைக் கண்டாள். மற்றவர்கள் உதவியோடு அருகிலிருந்த ஊருக்குத் தூக்கிப்போனாள். கம்பெனிக்குத் துணை நின்ற எட்டையபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். (அந்த இரண்டு சீமைப் பகையின் கதை தனிக் கட்டுரைக்கானது, இப்போது வேண்டாம்.) பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் கிட்டே நெருங்காமல் ஓடிவிட்டார்கள். அம்மைக்கு அந்தக் காலத்தில் எல்லாரும் அஞ்சுவார்கள். என் ஆச்சி காலத்தில்கூட வீட்டுவாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். எந்த விளையாட்டுக் கம்பெனிக்காரனும் இப்படி ஒரு தற்காப்பை யோசித்திருக்க மாட்டான். பேரனுக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஊமைத்துரை பிழைத்து சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் 24ல் மருதுகளைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16ல் ஊமைத்துரையையும் சிவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்களை மறு வருஷம் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள்.

பேரன் கேட்டான்: "அப்புறம் அப்டேட் யாரு விட்டா தாத்தா?" விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் சரியான கேள்வி. அவன் விளையாட்டில் இரண்டு கட்சிக்கும் மேலே ஒரு கம்பெனி உட்கார்ந்து, எவன் கை ஓங்கினாலும் மற்றவனுக்குக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. 1801ல் அப்படி மேலே யாரும் இல்லை. இருந்த கம்பெனியும் ஆட்டக்காரனே. டிசம்பர் 1ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். மற்றவர்களுக்கு மன்னிப்பு, ஆனால் இனிமேல் பாளையக்காரர்களுக்குக் கோட்டை கூடாது, ஆயுதம் கூடாது. துப்பாக்கி மட்டுமில்லை, ஈட்டியும் கூடாது. பாஞ்சாலங்குறிச்சியை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். ஆறு நாளில் எழுந்த கோட்டை பிறகு எழவே இல்லை. சுவரை எழுப்பத் தெரிந்த கைகள் ஊரில் இருந்திருக்கும்தான். ஆனால் சுவர்மேல் நிற்கப் போகிறவன் கையில் வல்லயம் இருந்தாலே குற்றம் என்று ஆகிவிட்டது.

1965ல் நானும் எட்டாம் வகுப்புதான். பாகிஸ்தானோடு சண்டை. எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் ரேடியோ, திண்ணை நிறைய ஆட்கள். பேட்டன் டாங்கியை யாராலும் அசைக்க முடியாது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊரில் நம் ஆட்கள் கரும்புக்காட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், டாங்கிகள் சேற்றில் திணறின. அப்துல் ஹமீது என்பவர் ஜீப்பில் வைத்த பீரங்கியை வைத்துக்கொண்டு மறைந்திருந்து ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். அங்கேயே உயிரையும் விட்டார், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். இன்று உக்ரைன் செய்திகளில் கோடிக்கணக்கான ரூபாய் டாங்கியின் தலைமேல் இரும்புக் கூண்டு வைத்து வெல்டிங் செய்திருப்பதைக் காட்டுகிறார்கள், சின்ன ட்ரோன் வந்து விழாமல் இருக்க. பார்த்தவுடன் எனக்குப் பாஞ்சாலங்குறிச்சி முள்வேலிதான் ஞாபகம் வந்தது.

விடுமுறை முடிவதற்குள் ஒருநாள் கார் பிடித்து அவனை ஒட்டப்பிடாரம் வழியாக அங்கே கூட்டிப்போனேன். நினைவுக் கோட்டையில் நாலு போட்டோ எடுத்தான். பழைய கோட்டை இருந்த இடத்தில் தொல்லியல் துறை பலகைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். குனிந்து ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, "ஆறு நாள்லயா தாத்தா?" என்றான். 320 பேர் இருந்தால் போதும் என்றேன். திரும்புகிற வழியில் வெள்ளைக்காரர் கல்லறைகளையும் காட்டினேன். காரில் ஏறியதும் போனை எடுத்துவிட்டான். தருவைக்குளம் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரும்போது மணி இரண்டு.